ஒரு போல்ட்டு தாங்கும் எடை

கோவில்பாளையம்,
9.3.2025

தனபால் அவர்களுக்கு,

முதலில் வேறு மாதிரி ஆரம்பித்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இப்படித்தான் இப்போதைக்கு எழுத வருகிறது.

உங்கள் வக்கீல் சசிதர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். ஜெயிலுக்கு வந்து உங்களைப் பார்க்கச் சொன்னார். முடியாது என்றேன். எழுதவாவது செய்யுங்கள் என்றார். அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல.

கிருபாவின் காரியங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அவர் வேலை பார்த்த பவுண்டரியின் வாட்ச்மேன் அவருடைய பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். பக்கவாட்டுப் பெட்டியில் ரெயின்கோட்டுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பதினாறு எம்.எம். போல்ட்டு, 8.8 கிரேடு. நீங்கள் பவுண்டரிக் கூரையில் தொங்கவிட்ட பீமுக்கு இந்த ரகத்தைத்தான் வாங்குவதாக அவர் சொல்லியிருந்தார். மிச்சம் போலிருக்கிறது என்று டேப்பை அறுத்து, மூன்றை எடுத்துக் காலேஜுக்குக் கொண்டுபோனேன். நான் வேலை பார்க்கும் லேபில் பிள்ளைகளுக்குக் கம்பியை இழுத்து அறுத்துக் காட்டும் மெஷின் இருக்கிறது. அதில் மாட்டி இழுத்தேன்.

மூன்றும் பதிமூன்று டன்னைத் தாண்டித்தான் அறுந்தன. கணக்கும் போட்டுவிட்டேன். மரையின் பள்ளத்தைக் கழித்தால் இந்த போல்ட்டில் இழுவையைத் தாங்கும் பரப்பு நூற்றைம்பத்தேழு சதுர மில்லிமீட்டர். உங்கள் பீம், அதில் ஓடிப் பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட், அந்தச் சுமை எல்லாம் சேர்ந்து, பீமைக் கூரையோடு பிடிக்கும் ஒரே தொங்கலில் விழுந்தாலும் நான்கு டன். ஒரு தொங்கலுக்கு நான்கு போல்ட்டு. ஆளுக்கு ஒரு டன். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அறுபத்துச் சொச்சம் நியூட்டன். அறுநூற்று நாற்பது வரை இது அசையாது. அறுபதுக்கு அறுந்து விழ இது நூல் இல்லை.

போல்ட்டு நல்ல போல்ட்டு. சுமையும் குறைவு. அப்படியானால் போலீஸ் எழுதியிருப்பதுதான் உண்மை. நீங்கள் நட்டைச் சரியாக முடுக்கவில்லை. அது கழன்று பீம் விழுந்தது. என் வீட்டுக்காரர் கிருபாவும், மணல் அச்சு செய்யும் மாசாணியம்மாள் என்ற பெண்ணும் அதற்கு அடியில் போய்விட்டார்கள்.

நித்யா இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். உங்களைக் கேட்கிறாள். வெளியூர் போயிருக்கிறீர்கள் என்று மாமனார் சொல்லி வைத்திருக்கிறார்.

லோகப்பிரியா


மத்திய சிறை, கோவை,
16.3.2025

அம்மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். படித்த ஏட்டு, உங்க தங்கச்சி இஞ்சினியருங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிப்ளமோதான் என்று நீ திருத்துவாய்.

நீ சொன்னபடியே இருக்கட்டும். முடுக்கியதில்தான் கோளாறு. என் கைதான் காரணம். நான் மறுத்து எதுவும் எழுதப் போவதில்லை. நீ மனதைக் குழப்பிக்கொள்ளாமல் வேலைக்குப் போய் வா.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அட்டைப்பெட்டியை வீட்டில் வைக்காதே. பழைய இரும்புக்காரன் வந்தால் போட்டுவிடு. காலேஜில் இனிமேல் எதையும் இழுத்துப் பார்க்க வேண்டாம். சசிதரிடமோ உன் மாமனாரிடமோ அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

இந்த மதிலுக்கு அந்தப்பக்கம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு. சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர் என்று கண்டக்டர்கள் கூப்பிடுவது காலையில் நன்றாகக் கேட்கும். உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுத்தான் தினமும் எழுந்திருக்கிறேன்.

தனபால்


கோவில்பாளையம்,
23.3.2025

அண்ணா,

ஏன் அந்தப் பெட்டியைப் போடச் சொல்கிறீர்கள்?

நான் அதை மிச்சம் என்றுதான் நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். டேப்பை அறுத்தது நான். அதற்கு முன் யாருமே அறுக்கவில்லை. நான் எடுத்த மூன்றைத் தவிர பெட்டி நிறைய இருக்கிறது.

சனிக்கிழமை டவுனுக்குப் போய் போல்ட்டு விற்கும் ரசாக் பாய் கடையில் கேட்டேன். அவருக்குக் கிருபாவை நன்றாகத் தெரியும். ஒரே ஒரு பெட்டிதான் வாங்கினார் என்று சொன்னார். ஸ்டாக் இல்லாமல் காக்க வைத்ததாகவும், கடைசியில் வாங்க வந்தபோது, பீமை ஏற்றியாயிற்று பாய், இனி மாற்ற வேண்டும் என்று கிருபா சொன்னதாகவும் சொன்னார்.

இந்தப் பெட்டி இங்கே இருக்கிறது. அப்படியானால் மேலே இருந்தது எது?

பதிலைச் சசிதரிடம் கொடுத்தனுப்புங்கள். தபாலில் வேண்டாம்.

லோகு


மத்திய சிறை, கோவை,
29.3.2025

அம்மணி,

இதைப் படித்துவிட்டு என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே ஒரு கணக்கு வராவிட்டால் சோறு தின்னமாட்டாய்.

அந்த பீம், மூடிப்போன ஒரு நூல் மில்லில் பவுண்டரி முதலாளி பாலகோபால் ஏலத்தில் எடுத்தது. ஹாய்ஸ்ட், பீம், தொங்கு பிளேட், போல்ட்டு எல்லாம் ஒரே லாரியில் வந்தன. மில்லில் எத்தனை வருஷம் கிடந்ததோ, யார் எத்தனை தடவை முடுக்கினார்களோ. பழைய போல்ட்டைப் போடமாட்டேன், புதுசு வாங்குங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். பவுண்டரி மெயின்டனன்ஸ் அவர் பொறுப்பு. சரி என்றுதான் சொன்னார். ஏற்றுகிற அன்று கிரேனும் ஆளும் வந்து நிற்கிறார்கள், புதுசு வரவில்லை. பாலகோபால் போன்மேல் போன் போடுகிறார். மாப்பிள்ளை என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மச்சான், புதுசு ரெண்டு நாள்ல வந்துருமுங்க. இப்பத்திக்கு இதையே போட்டு ஏத்திப்போடலாம். ஞாயித்துக்கெழம லீவுல ஒண்ணொண்ணா மாத்திக்கலாம்" என்றார்.

நான் ஏற்றினேன். டார்க் ரெஞ்சு வைத்துத்தான் முடுக்கினேன். சரியான இறுக்கம் வந்தால் அது டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். பாதி போல்ட்டில் கொடுத்தது. மீதியில் நட்டு சுற்றிக்கொண்டே போகிறது, சத்தம் வரவில்லை. அப்படிப் போனால் போல்ட்டு நீளுகிறது என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஞாயித்துக்கெழம, மச்சான் என்றார்.

அந்த ஞாயிறு வரவே இல்லை. ஆர்டர் நெருக்கடி என்று பாலகோபால் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினார். பெட்டியை மாப்பிள்ளை பைக்கிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

விழுந்த அன்றே உடைந்த போல்ட்டுத் துண்டுகளை மற்ற கழிவோடு அள்ளி உலையில் போட்டுவிட்டார்கள். போலீஸ் வந்தபோது கீழே சாய்ந்த பீம் முனையும் நட்டும்தான் கிடந்தன. நட்டு கழன்றது என்று பாலகோபால் சொன்னார், அதையே எழுதிக்கொண்டார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். பேசினால் மாப்பிள்ளை பெயர் வரும். போனவர் வந்து பதில் சொல்ல முடியாது. ஏற்றியது நான்தானே, எனக்கும் இதில் பங்கு இருக்கிறது.

பழைய போல்ட்டு போட்டதற்குப் பவுண்டரிக்கு வெளியே இருக்கும் ஒரே சாட்சி உன் வீட்டில் இருக்கும் பெட்டி. அதை யாரும் பார்க்கவில்லை. போட்டுவிடு கண்ணு.

தனபால்


கோவில்பாளையம்,
13.4.2025

அண்ணா,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் வேண்டாம் என்றதைத்தான் செய்தேன். பெட்டியிலிருந்து இன்னொரு போல்ட்டை எடுத்து, அது நீளும்வரை முடுக்கினேன். கழற்றி மறுபடி முடுக்கினேன். பிறகு மெஷினில் மாட்டி இழுத்தேன். எட்டு டன், ஒன்பது டன்னில் அறுந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அதுவும் ஏறக்குறைய பதிமூன்று டன்னில்தான் அறுந்தது. எங்கள் லேப் சாரிடம் கேட்டேன். ஒரே இழுப்பாக இழுத்தால் தாங்கத்தான் செய்யும் என்றார். ஆனால் அதன் பிடிப்பு போயிருக்கும். ஹாய்ஸ்ட் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் மரையின் வேரில் ஒரு மயிரிழை விரிசல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒன்று போனால் அதன் பாரம் பக்கத்துக்குப் போகும், பிறகு எல்லாம் சேர்ந்து போகும் என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் போதும் என்றிருந்தது.

முதல் கடிதத்தில் நான் போட்ட கணக்கில் ஒரு எண்ணும் தப்பில்லை. ஆனால் அது மேலே இல்லாத போல்ட்டுக்குப் போட்ட கணக்கு. அதை வைத்து உங்களைக் குற்றவாளி என்று எழுதினேன்.

உங்கள்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். சத்தம் வரவில்லை என்று தெரிந்தும் இறங்கி வந்தீர்கள். கிருபாமேல் கோபம் வருகிறது. கோபம் வந்த அடுத்த நிமிடம் அவருடைய சட்டை கொடியில் தொங்குகிறது. நான் இன்னும் அதை எடுக்கவில்லை.

பெட்டியைச் சசிதரிடம் கொடுக்கப் போகிறேன். அறாமல் நிற்கும் மற்ற தொங்கல்களில் பழைய போல்ட்டு இன்னும் இருக்கும். அவற்றை இறக்கிச் சோதிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று நினைக்கிறேன்.

லோகு


மத்திய சிறை, கோவை,
18.4.2025

அம்மணி,

வேண்டாம். நித்யாவை நினைத்துப் பார். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளை என்ன சொல்வார்கள்? உன் மாமனார் உன்னை வீட்டில் வைத்திருப்பாரா? எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஒன்றுதான். மாசாணியம்மாள் முகம் இங்கேயும் வருகிறது, எங்கே போனாலும் வரும்.

கொடுக்காதே.

தனபால்


சரவணம்பட்டி,
1.6.2025

அண்ணா,

நீங்கள் வெளியே வந்து மேட்டுப்பாளையத்தில் நண்பர் வீட்டில் தங்கியிருப்பதாகச் சசிதர் சொன்னார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகள் யாரையும் பார்க்கக் கூடாது என்று நிபந்தனையாமே. நானும் சாட்சி. போன் செய்யாதீர்கள், பதிவு இருக்கும் என்று பயப்படுகிறார். அதனால் இதையும் அவரிடமே கொடுக்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைக் கொடுத்தேன். வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதில்தான் உங்களுக்கு ஜாமீன் கிடைத்தது. மற்ற தொங்கல்களை இறக்கச் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு போனபோது அங்கே பீமே இல்லை. பாதுகாப்புக்காக இறக்கிவிட்டோம் என்றார்களாம். போல்ட்டெல்லாம் எங்கே என்றதற்கு, உருக்கியாச்சுங்க என்றார்களாம்.

அதைவிடக் கொடுமை ஒன்று. பாலகோபால் என் வாக்குமூலத்தையே எடுத்துக்கொண்டார். பழைய போல்ட்டைப் போட்டது தன்னுடைய மெயின்டனன்ஸ் ஆள், தனக்குத் தெரியாமல் செய்தது, அவருடைய மனைவியே சொல்கிறார் என்று மனுப் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நிறுத்த விடாதது அவர்தான் என்பதற்கு உங்கள் வாய்வார்த்தையைத் தவிர ஒன்றும் இல்லை. பவுண்டரியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உலை மறுபடி ஓடுகிறது.

கொடுப்பதற்கு முன் மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். சத்தம் போடவில்லை.

"உங்க அண்ணன் வெளிய வரட்டுமுங்க அம்மணி. அதுக்கு எம் பையன் பேரச் சொல்லித்தான் வரோணுமா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மாமியார் சாப்பாடு போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் இருந்துவிட்டு நானும் நித்யாவும் காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

கிருபாவின் பெயர் எல்லோர் வாயிலும் அடிபடும் முன்பு நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று மாசாணியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவருடைய அக்கா ராசாத்தாள்தான் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் பாய் விரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் பழைய போல்ட்டைப் போட விட்டார், அதனால்தான் உங்கள் தங்கை இறந்தார் என்று சொன்னேன். அடிப்பார், துப்புவார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் போல்ட்டு அறுகும்போது சத்தம் வருமுங்களா? எந் தங்கச்சி மேல நிமுந்து பாத்திருப்பாளா?"

லேபில் அறுந்தால் வெடி போலச் சத்தம் வரும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள். கிருபா பீமுக்கு அடியில் கவனமில்லாமல் நின்றுகொண்டிருந்தார் என்றுதான் போலீஸ் எழுதியிருக்கிறது. நீங்கள் அதைப் பற்றி ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

என்ன நடந்தது?

லோகு


மேட்டுப்பாளையம்,
6.6.2025

அம்மணி,

நண்பருடைய பாக்கு மண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நீ கேட்பாய். கேட்டால் போல்ட்டு வரைக்கும் வந்துவிடும். அதனால்தான் விழுங்கினேன்.

பீம் விழுவதற்கு முதல் நாள் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். பீமில் ஒரு முனகல் கேட்கிறது, நாளைக்கு எப்படியாவது மாற்றிப்போடலாம், வாங்க என்றார். ஏணியோடு போனேன். ஹாய்ஸ்டை நிறுத்தச் சொன்னோம். பாலகோபால் அங்கேயே நின்றிருந்தார். "இந்த ஒரு அச்சுப் பாக்ஸ மட்டும் எடுத்து வெச்சுப்போட்டு நிறுத்திக்கலாமுங்க கிருபா, லாரி நிக்குது" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரிங்க என்றார்.

தூக்கினார்கள். பாதி தூரம் போனபோது மேலே ஒரு சத்தம் வந்தது. தகரத்தில் கல் விழுந்த மாதிரி. அவ்வளவுதான். அந்த இடத்தில் மெஷின்கள் போடுகிற இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் என்னவென்று தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒரு போல்ட்டு போய்விட்டது.

மாசாணியம்மாள் மணல் அச்சுத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். நேராக அடியில். மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில், தூண் ஓரமாக நின்றிருந்தார். அங்கேயே நின்றிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு ஆகவில்லையே. அவர் ஓடினார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். கவனமில்லாமல் நின்றார் என்று எழுதியதெல்லாம் பொய். இதை நான் போலீசில் சொன்னேன். ஏன் ஓடினார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எழுதவில்லை.

ராசாத்தாளிடம் சொல். அவள் மேலே பார்க்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரோ கூப்பிடுகிறார்களே என்று மாப்பிள்ளையைத்தான் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டார். அதற்குள் அந்தத் தொங்கலில் மற்றதெல்லாம் அறுந்து பீமின் அந்த முனை விழுந்துவிட்டது.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மணி. நான் நகரவில்லை.

தனபால்


சரவணம்பட்டி,
15.6.2025

அண்ணா,

ராசாத்தாளிடம் போய்ச் சொன்னேன். கையைப் பிடித்தாரா என்று இரண்டு முறை கேட்டார். பிடித்தார் என்றேன். அப்புறம் அழுதார். நான் வரும்போது, இனிமேல் வர வேண்டாம் அம்மணி, உங்களைப் பார்த்தால் எனக்கு அந்த பீம்தான் தெரிகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சரிங்க என்று வந்துவிட்டேன்.

மாமனாருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை வைக்காமல் கேட்டார். பிறகு வைத்துவிட்டார்.

கோர்ட்டில் இதையும் சொல்லலாமா என்று சசிதரைக் கேட்டேன். உங்களுக்கு அது நேரில் தெரிந்த விஷயம் இல்லை, நீங்கள் பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றார். பாலகோபாலை வழக்கிலிருந்து விடுவித்துவிடுவார்கள் போலத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். வழக்கில் உங்கள் பெயர் இருக்கும், அண்ணா. இன்னொரு பெயர் இறந்தவர் பெயர்.

நேற்று நித்யாவிடம் சொன்னேன். யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் அப்பா செய்த தப்பையும் சொன்னேன், கடைசியில் ஓடினதையும் சொன்னேன். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் தப்பைத்தான் முதலில் சொன்னேன். நீங்கள் வெளியூர் போகவில்லை, ஜெயிலில் இருந்தீர்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். நீங்களும் அங்கேதான் நின்றிருந்தீர்கள் என்றும்.

எல்லாம் கேட்டுவிட்டு, தனபால் மாமா ஏன் போகல என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். வழக்கு முடிந்து நிபந்தனை எல்லாம் போன பிறகு வாருங்கள். வந்து அவளுக்கு நீங்களே சொல்லுங்கள்.

லோகு